பரங்கிக்காய்: சுமந்து வந்தவன் பெயரில் ஒரு காய்

தைப்பொங்கல் நாளன்று நம் பக்கத்துப் பல வீடுகளில் இன்றும் ஒரு கட்டுப்பாடு உண்டு. படையலுக்குரிய கூட்டிலும் குழம்பிலும் நாட்டுக் காய்கள் மட்டுமே இடம்பெற வேண்டும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு, பீன்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவை 'இங்கிலீஷ் காய்கள்'. அன்று அவற்றுக்கு அடுப்படியில் இடமில்லை. அவரை, மொச்சை, வாழை, கத்தரி, சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய் என்று அனுமதி பெற்றவற்றின் பட்டியல் நீளும். இவற்றுள் பரங்கிக்காய்க்குத் தனி மரியாதை. முழுக் காயாகவோ கீற்றாகவோ கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் பக்கத்தில் அது வைக்கப்படும். மார்கழித் திருவாதிரைக் களிக்குத் துணையாகும் கூட்டிலும் அது இல்லாமல் நிறைவில்லை.

நாட்டுக் காய்களின் வரிசையில் இப்படி முன்நிற்கும் காயின் பெயரிலேயே 'பரங்கி' இருக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இன்னும் சற்று உற்று நோக்கினால் வேடிக்கை கூடும். பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. விலக்கப்பட்ட உருளைக்கிழங்கும் பீன்ஸும்கூட அதே கண்டத்தில் பிறந்தவைதாம். ஒரே ஊரிலிருந்து வந்த நால்வரில் இருவரைக் கூடத்தில் அமர்த்தி இலை போட்டுவிட்டு, இருவரைத் திண்ணையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். அப்படியானால் நாட்டுக் காய் என்பதை எதைக் கொண்டு தீர்மானிக்கிறோம்? பிறந்த இடத்தைக் கொண்டா, வந்து சேர்ந்த காலத்தைக் கொண்டா, அல்லது வேறு ஏதேனும் அளவுகோல் உண்டா? இந்த ஒரு காயின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கக்கூடும்.

இரண்டு பூசணிகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் பூசணி என்று சொல்வது இரண்டு வெவ்வேறு கொடிகளின் காய்களை. ஒன்று, மேலே சாம்பல் பூத்த வெண்பூசணி. சாம்பல் பூசணி, கலியாணப் பூசணி என்றும், யாழ்ப்பாணத்தில் நீற்றுப்பூசணி என்றும் வழங்குவது. வடமொழியில் கூஷ்மாண்டம். சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் லேகியமாவதும், காசி அல்வாவாவதும், கண்ணேறு கழிக்க வாசலில் உடைபடுவதும் இதுவே. இது ஆசியாவின் பழங்காய். தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் பெனின்காசா ஹிஸ்பிடா.

மற்றொன்று உள்ளே மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் இருக்கும் இனிப்புக் காய். தஞ்சையிலும் சென்னையிலும் பரங்கிக்காய். தென்மாவட்டங்களில் சர்க்கரைப் பூசணி அல்லது மஞ்சள் பூசணி. கொங்கு நாட்டில் அரசாணிக்காய். ஒருமுறை வகுப்பில் சொற்பொருள் மாற்றம் பற்றிப் பாடம் நடத்தும்போது இக்காயின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பெயர் கேட்டேன். முப்பது மாணவர்களுக்குள் நான்கு பெயர்கள் வந்தன. ஒவ்வொருவரும் மற்ற மூன்றும் தவறு என்று உறுதியாக நம்பினார்கள். இந்தக் காய் குக்குர்பிட்டா என்னும் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்திற்கே உரியது.

நம் பழைய இலக்கியங்களில் கொடிக்காய்களுக்குப் பஞ்சமில்லை. பாரியின் பெண்மக்கள் அடைக்கலமாகத் தங்கிய எளிய மனையைச் சுற்றிப் பீர்க்கும் சுரையும் படர்ந்திருந்ததைப் புறநானூற்றில் கபிலர் காட்டுகிறார். பிரிவால் வாடும் தலைவியின் பசலைக்குப் பீர்க்கம்பூவை உவமையாக்குவது சங்கப் புலவர்களுக்குப் பழகிய வழக்கு. அந்தத் தோட்டங்களில் பரங்கிக்கொடி படர்ந்திருக்க வழியே இல்லை. அப்போது அது கடலுக்கு அப்பால் வேறு மக்களின் தோட்டத்தில் இருந்தது.

முதலில் விதைத்தவர்கள்

தென் மெக்சிகோவின் ஒஹாகா பள்ளத்தாக்கில் கிலா நாகிட்ஸ் என்றொரு குகை இருக்கிறது. 1966ஆம் ஆண்டு கென்ட் ஃபிளானரி என்னும் தொல்லியலாளர் அங்கே அகழாய்வு நடத்தினார். கிடைத்த பொருள்களில் பூசணி இனத்தின் விதைகளும் தோல் துண்டுகளும் காம்புகளும் இருந்தன. 1997இல் புரூஸ் ஸ்மித் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, சில விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், அவை காட்டுச் செடியின் விதைகளைவிடப் பெரியவை என்றும் நிறுவினார். விதை பெரிதாவது மனிதக் கை பட்டதன் அடையாளம். அதாவது, மக்காச்சோளம் வளர்ப்புப் பயிராவதற்கு முன்பே அம்மக்கள் பூசணியைத் தேர்ந்தெடுத்து விதைக்கத் தொடங்கிவிட்டார்கள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் வடபகுதியிலும் இதே அளவு தொன்மையான பூசணி விதைகள் கிடைத்துள்ளன.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். காட்டுப் பூசணி உண்ணத்தக்கதன்று. அது கைப்பளவே இருக்கும். சதை மெல்லியதாகவும் கடுங்கசப்பாகவும் இருக்கும். குக்குர்பிட்டசின் என்னும் நச்சுத்தன்மையுள்ள பொருளே அக்கசப்புக்குக் காரணம். ஆதிகுடிகள் முதலில் அதை வளர்த்தது விதைக்காகவும், குடுக்கையாகப் பயன்படும் ஓட்டுக்காகவுமே என்று அறிஞர் கருதுகின்றனர். கசப்புக் குறைந்த காயின் விதையை எடுத்துவைத்து, அடுத்த ஆண்டு விதைத்து, அதிலும் இனிப்பானதைப் பொறுக்கி, அதன் விதையை மீண்டும் சேமித்து, இப்படி நூற்றுக்கணக்கான தலைமுறைகள் உழைத்ததன் பயனே நாம் இன்று அரிவாள்மணையில் வைத்து அரியும் இனிப்புச் சதை. இன்றும் எப்போதாவது ஒரு காய் கசந்தால் அதைச் சமைக்காமல் எறிந்துவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியான அறிவுரை. பழைய நஞ்சு எட்டிப் பார்க்கிறது என்று பொருள்.

இப்படி விளைவித்தவர்கள் ஒரு வேளாண் முறையையும் உருவாக்கினார்கள். மக்காச்சோளம், அவரைவகை, பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் விதைப்பது அம்முறை. சோளத்தண்டு அவரைக் கொடிக்குக் கொழுகொம்பாகும்; அவரை மண்ணுக்குத் தழைச்சத்தைத் தரும்; பூசணியின் அகன்ற இலைகள் நிலத்தை மூடி ஈரத்தைக் காத்துக் களையை அடக்கும். மெக்சிகோவில் இத்தகைய நிலத்தை மில்பா என்பர். வட அமெரிக்கப் பழங்குடியினர் இம்மூன்றையும் மூன்று சகோதரிகள் என்று போற்றினர்.

கப்பலேறிய காய்

1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளை அடைந்தார். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் பூசணி ஐரோப்பாவின் ஓவியங்களில் ஏறிவிட்டது. பிரெஞ்சு அரசி பிரிட்டனி ஆனுக்காக 1503க்கும் 1508க்கும் இடையில் தீட்டப்பட்ட வழிபாட்டு நூலின் ஓரப்படங்களில் ஒரு பூசணிக்கொடி காணப்படுகிறது. அதற்கு இடப்பட்ட பெயரோ 'துருக்கிச் சுரை'. உரோம் நகரில் ஃபர்னேசினா மாளிகையின் கூரையில் 1515க்கும் 1518க்கும் இடையில் ஜியோவன்னி த உதினே தீட்டிய காய்கனி மாலைகளில் பூசணியும் தொங்குகிறது.

மறுபுறம், 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1500இல் புறப்பட்ட கப்ரால், பிரேசில் கரையைத் தொட்டுவிட்டுக் கோழிக்கோட்டை அடைந்தார். அமெரிக்கக் கண்டமும் இந்தியக் கரையும் ஒரே கப்பற்பாதையில் கோக்கப்பட்டன. 1510இல் கோவா போர்ச்சுக்கீசியர் வசமாயிற்று. அந்நூற்றாண்டிலேயே மயிலாப்பூருக்கு அருகில் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களுடைய குடியிருப்புகள் எழுந்தன. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே அவர்களுடைய செல்வாக்கு வேரூன்றியது. மிளகாய், முந்திரி, அன்னாசி, கொய்யா, பப்பாளி முதலியவற்றோடு பூசணியும் இந்தக் கடல்வழியே வந்திறங்கியது. நம் காய்க்கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் குக்குர்பிட்டா மோஸ்சாட்டா என்னும் வகை வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குவது. ஆகவே இந்த மண் அதற்குப் புகுந்த வீடாகத் தோன்றவில்லை. குப்பைமேட்டிலும் கூரையிலும் பிறந்த வீட்டுப் பிள்ளைபோலவே படர்ந்தது.

பெயரில் மறைந்த பூசணி

புதிதாக வந்த பொருளுக்குப் பெயரிடத் தமிழ் இரண்டு வழிகளைக் கையாண்டிருக்கிறது. பொருளோடு வந்த சொல்லையே நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது ஒரு வழி. அன்னாசி, கொய்யா, பப்பாளி ஆகியவை அவ்வாறு வந்தவை. போர்ச்சுக்கீசியர் வாய்வழி வந்தாலும் இவற்றின் வேர் அமெரிக்கப் பழங்குடிகளின் மொழிகளில் இருக்கிறது. தெரிந்த பொருளின் பெயரோடு ஓர் அடையைச் சேர்ப்பது மற்றொரு வழி. மிளகின் உறைப்பை நினைவூட்டியதால் மிளகாய். வெண்பூசணியை ஒத்திருந்ததால் சர்க்கரைப் பூசணி. கொண்டுவந்தவனைச் சுட்டும் அடைகள் பரங்கியும் சீமையும். மெக்சிகோவில் பிறந்த இன்னொரு கொடிக்காயான சௌசௌவை நாம் சீமைக் கத்தரிக்காய் ஆக்கியது இவ்வழியில்தான்.

பரங்கி என்பது பறங்கி என்றும் எழுதப்படும். சென்னையின் பரங்கிமலையில் இடையின ரகரம்; கடலூர்ப் பக்கத்துப் பறங்கிப்பேட்டையில் வல்லின றகரம். (திருப்பரங்குன்றம் வேறு, அது சங்ககாலப் பெயர்.) ஐரோப்பிய இனத்தாரான ஃபிராங்குகளின் பெயர் அரபு, பாரசீக மொழிகளில் ஃபரங்கி ஆகி, வணிகர் வாயிலாக இங்கு வந்து சேர்ந்தது. இலங்கையில் ஐரோப்பியர் வழிவந்தோர் இன்றும் பறங்கியர் எனப்படுகின்றனர்.

இச்சொல் மரியாதைச் சொல்லாக இருக்கவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தாம் பரங்கி அல்லர் என்று நிறுவ எத்தனை பாடுபட்டார் என்பது வரலாறு அறிந்தோர்க்குத் தெரியும். காவி உடுத்தி, புலால் மறுத்து, தமிழும் வடமொழியும் கற்று, பரங்கியரோடு கலவாமல் தனித்து வாழ்ந்தார். அவ்வளவு இழிவு அப்பெயரில் ஏறியிருந்தது. மேகநோயைப் பரங்கிப்புண் என்று அழைத்ததும் அதே மனப்பான்மையே. நோய்க்கும் பரங்கி, காய்க்கும் பரங்கி. பெயரை வெறுத்த நாவு காயைச் சுவைத்தது என்பது நம் முன்னோரின் நடைமுறை அறிவுக்குச் சான்று.

எனினும் பரங்கியர் இக்காயை உருவாக்கினார்களா? இல்லை; சுமந்து வந்தார்கள், அவ்வளவே. பத்தாயிரம் ஆண்டு உழைப்பு ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பற்றி நம்மிடம் பழமொழி உண்டு. ஒரு மக்கட்கூட்டத்தையே காயின் பெயருக்குள் மறைத்த கதை இது.

நாம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. பிரெஞ்சு ஓவியத்தில் அது துருக்கிச் சுரை என்பதைக் கண்டோம். சீனர் அதைத் தெற்கத்திச் சுரை என்னும் பொருளில் நான்குவா என்றனர். ஜப்பானியர், போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் கம்போடியாவிலிருந்து கொண்டுவந்ததால் கபோச்சா என்றனர். ஒவ்வொரு நாட்டாரும் தமக்கு நேர்முன்னே யார் கையில் இருந்ததோ அவர்கள் பெயரைச் சூட்டினர். முதற் கை எங்கும் இடம்பெறவில்லை. எல்லாவற்றிலும் உறுத்துவது மெக்சிகோவின் வழக்கு. அங்கே நஹுவா மக்களின் மொழியில் பூசணிக்கு அயோத்லி என்ற பெயர் இருந்தும், பொதுவழக்கில் அந்நாட்டு இனிப்புப் பூசணி 'கஸ்தீயப் பூசணி' என்றே வழங்குகிறது. கஸ்தீயா என்பது படையெடுத்து வந்த ஸ்பானியரின் தாயகம். பிறந்த மண்ணிலேயே அக்காய் வென்றவன் பெயரைச் சுமக்கிறது.

விதிவிலக்கும் உண்டு. ஆங்கிலத்தின் 'ஸ்குவாஷ்' என்னும் சொல் வட அமெரிக்காவின் நாரகான்செட் பழங்குடியினரின் 'அஸ்குட்டாஸ்குவாஷ்' என்பதன் சிதைவு. பச்சையாக உண்ணத்தக்கது என்பது அதன் பொருள். ரோஜர் வில்லியம்ஸ் 1643இல் வெளியிட்ட அம்மக்களின் மொழிபற்றிய நூலில் இச்சொல்லைப் பதிந்தார். அதற்கு 32 ஆண்டுகள் கழித்து, 1675 டிசம்பரில், குடியேறிகளின் படை சதுப்புநிலக் கோட்டை ஒன்றில் தங்கியிருந்த நாரகான்செட் மக்களைத் தாக்கி, பெண்டிர், குழந்தைகள் உட்படப் பலரைக் கொன்று குடில்களை எரித்தது. அவர்களுடைய மொழி பின்னர் வழக்கொழிந்தது. சொல் ஒன்று மட்டும் கொன்றவர்களின் சமையலறையில் எஞ்சியது.

அரிவாள்மணையும் அடுப்பும்

இனி நம் சமையலறைக்கு வருவோம். மேலைநாட்டார் முற்றிய பூசணியைக் குளிர்காலப் பூசணி என்பர். அது குளிர்காலத்தில் விளைவதன்று. கோடையில் விளைந்து, தடித்த தோலின் பாதுகாப்பில் குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருப்பதால் வந்த பெயர். நம் வீடுகளிலும் முற்றிய பரங்கி பரணிலோ கூடத்து மூலையிலோ மாதக்கணக்கில் கிடக்கும். காம்போடு அறுத்தால்தான் நெடுநாள் நிற்கும். காம்பு முறிந்த இடத்தில் அழுகல் தொடங்கும் என்பது பாட்டிமார் அறிந்தது. வாங்கும்போது அளவுக்கு மீறிய கனம் இருக்கிறதா, தோல் பளபளப்பு மங்கியிருக்கிறதா, நகம் இறங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பறித்தவுடன் சமைப்பதைவிடச் சில வாரம் வைத்துச் சமைத்தால் இனிப்புக் கூடும். மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறுவதே காரணம்.

அறுத்த பின் அதே காய் இரண்டொரு நாளைக்கு மேல் தாங்காது. கெடுதல் தொடங்குவது நடுவிலுள்ள நாரிலும் விதையிலும்தான். ஆதலால் முதலில் அதை வழித்தெடுத்துவிட வேண்டும். பெரிய காயை ஒரு குடும்பம் ஒரே நாளில் தீர்க்க இயலாததால், அறுத்தவுடன் கீற்றுக் கீற்றாக அண்டை வீடுகளுக்குப் போகும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-1 வகையின் காய் 7, 8 கிலோ எடையுள்ளது; பின்வந்த கோ-2 ஒன்றரை முதல் 2 கிலோ. சிறிய குடும்பத்துக்கு இது வசதி. அண்டை வீட்டுக்குப் போகும் கீற்று மட்டும் குறைந்துவிட்டது.

புதிய காய் வந்தபோது நம் பெண்கள் புதிய சமையல் எதையும் தேடிப் போகவில்லை. வெண்பூசணிக்கும் சுரைக்கும் ஏற்கெனவே இருந்த கூட்டு, குழம்பு, கறி என்னும் இலக்கணத்துக்குள் அதைப் புணர்த்திக்கொண்டார்கள். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் அங்கே நிகழ்ந்தன. இரண்டு சமையல்களைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

ஒன்று, பால் கூட்டு. தோல் சீவிய பரங்கியைச் சிறு துண்டுகளாக்கி, மூழ்கும் அளவுகூட இல்லாமல் கொஞ்சமே நீர் விட்டு மூடி வேகவைக்க வேண்டும். காயே நீர் விடும். பத்து நிமிடத்தில் கரண்டிக்கு மசியும் பதம் வந்துவிடும். அரிசிமாவைச் சிறிது பாலில் கரைத்து ஊற்றி, மீதிப் பாலையும் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, அதன் பிறகே பொடித்த வெல்லத்தைச் சேர்த்துக் கிளற வேண்டும். அடுப்பிலிருக்கும்போது வெல்லம் போட்டால் பால் திரிந்துவிடும். கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்தால், இனிப்பும் உறைப்புமாக ஓர் இரண்டுங்கெட்டான் சுவை. அதைப் பாயசம் என்பதா கூட்டு என்பதா என்று வழக்காடலாம்.

மற்றொன்று செட்டிநாட்டுப் பக்கத்துப் புளிக்கறி. இங்கே தோலைச் சீவுவதில்லை. நல்லெண்ணெயில் கடுகு, வெங்காயம் தாளித்து, பெரிய துண்டுகளை வதக்கி, புளிக்கரைசலிலேயே வேகவிடுவார்கள். இறுதியில் ஒரு துண்டு வெல்லம். பாலில் குழைந்துவிடும் அதே காய், புளியில் கட்டாக நிற்கும். காய்களின் திசுவைப் பிணைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் புளிப்பில் எளிதில் கரையாது என்பது வேதியியல் தரும் விளக்கம். விளக்கம் பின்னால் வந்தது. கைப்பழக்கம் முன்னால் வந்தது.

கேரளத்தில் மத்தன் என்ற பெயரோடு அது வன்பயற்றோடும் வறுத்த தேங்காயோடும் சேர்ந்து எரிசேரி ஆகிறது. தஞ்சைப் பகுதியில் முற்றாத இளங்காய் பரங்கிக்கொட்டை என்ற பெயரில் சாம்பாரிலும் பொரித்த கூட்டிலும் போகிறது. துருவி அடைமாவில் சேர்ப்பாரும் உளர். எங்கும் தேங்காயோ எண்ணெயோ பாலோ துணை நிற்பதைக் காணலாம். காய்க்கு நிறந்தரும் கரோட்டின் கொழுப்பில் கரைந்தால்தான் உடலில் சேரும்.

கொப்பரையில் ஒரு சந்திப்பு

மெக்சிகோவில் ஆண்டுதோறும் நவம்பர் முதலிரு நாள்களில் இறந்தோரை நினைந்து படையலிடுகிறார்கள். அப்படையலில் ஒரு பூசணிப் பண்டம் உண்டு. முற்றிய பூசணியைத் தோலோடு பெரிய துண்டுகளாக்கி, நம் அச்சுவெல்லம் போன்ற கருப்பு வெல்லத்தில் இலவங்கப்பட்டை இட்டு வேகவைப்பார்கள். அதன் பெயர் கலபாசா என் தாச்சா. தாச்சா என்பது கரும்பாலையில் சாறு காய்ச்சும் கொப்பரை.

இந்தப் பெயரில்தான் செய்தி இருக்கிறது. அமெரிக்க மண்ணில் கரும்பு இயற்கையாக இல்லை. ஆசியாவில் பிறந்து, இந்தியாவில் வெல்லமும் சர்க்கரையுமாகக் காய்ச்சப்பட்டு, அரேபியர் வழியாக மேற்கே சென்ற கரும்பு, 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மெக்சிகோவில் மிகுதியாகப் பயன்படுவது இலங்கைக் கறுவா. பூசணி அங்கிருந்து இங்கு வந்தது. வெல்லமும் கறுவாவும் இங்கிருந்து அங்கு போயின. இருபுறத்துச் சமையலறைகளும், ஒன்றையொன்று அறியாமலே, ஏறத்தாழ ஒரே பண்டத்தை வந்தடைந்தன. நாம் அறுவடைக்கு நன்றி சொல்லும் நாளில் வைக்கிறோம். அவர்கள் முன்னோரை நினைக்கும் நாளில் வைக்கிறார்கள். நடுவே கப்பலோட்டியவன் இரண்டையும் விற்றான். கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றவனும் அவனே என்பதை, அந்த இனிப்பைச் சொல்லும்போது சொல்லாமல் விட முடியாது.

பூவைப் பற்றியும் ஒரு சொல். மெக்சிகோவில் பூசணிப்பூ உணவு. வங்காளத்தில் மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். நாமோ மார்கழி வைகறையில் சாணவுருண்டையில் செருகிக் கோலத்தின் நடுவே வைக்கிறோம். மார்கழி என்றதும் ஆண்டாளும் அந்த மஞ்சள் பூவும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஆண்டாள் இந்தப் பரங்கிப்பூவைக் கண்டிருக்க முடியாது. அது கடல்கடந்து வர அவளுக்குப் பின் பல நூற்றாண்டுகள் ஆயின. வெண்பூசணியின் பூவும் மஞ்சள்தான் என்றாலும், இன்று கோலத்தில் பெரிதாக விரிந்து நிற்பது வந்தேறிக் கொடியின் பூவே. அதனால் கோலத்தின் அழகு குறைந்துவிடவில்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது ஒருவாறு விடை சொல்லலாம். பரங்கிக்காயை நாட்டுக் காய் என்று நம் வீட்டுப் பெண்கள் சொன்னது தவறன்று. கூரையில் படரவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, பாலிலும் புளியிலும் பதம் கண்டு, படையலில் வைத்து அதை நாட்டுக் காய் ஆக்கியவர்கள் அவர்களே. பிறப்பைக் கேட்காமல் பழக்கத்தைக் கொண்டே அவர்கள் தீர்மானித்தார்கள். உருளைக்கிழங்கும் இன்னும் நூறாண்டில் அந்த வரிசைக்கு வரக்கூடும். எது நம்முடையது, எது அந்நியம் என்று உரத்துப் பேசுவோர் தங்கள் வீட்டுப் பொங்கல் கூட்டைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பது நல்லது.

ஆனால் வரலாறு படிப்பவர்க்கு ஒரு கடமை மீதமிருக்கிறது. சமைத்தவர்களுக்கு உரிய இடம் 'நாட்டுக் காய்' என்ற சொல்லில் கிடைத்துவிட்டது. சுமந்தவனுக்கு உரியதைவிட மிகுதியாகவே 'பரங்கி' என்ற சொல்லில் கிடைத்துவிட்டது. கசப்பை இனிப்பாக்கிய ஒஹாகாவின் பெயர் தெரியாத உழவர்களுக்கு எந்த மொழியும் இடம் தரவில்லை. வருகிற தையில் கீற்றை இலையில் வைக்கும்போது, கதிரவனுக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் சொல்லும் நன்றியில் அவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

உங்கள் ஊரில் இக்காய்க்கு வேறு பெயர் வழங்குமானால் எழுதுங்கள். என்னிடம் இதுவரை சேர்ந்திருப்பவை நான்கே.